கொழுகொழு குழந்தைப் போட்டிக்கு நான் நடுவர்

பையில் மாதிரிப் பொட்டலமும் வாயில் மனப்பாடமுமாக விற்பனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர் பண்டாரவளையில் என் வீடு தேடி வந்தார். முதுகுவலி என்னை ஐம்பது வயதிலேயே ஓய்வுக்கு அனுப்பிவிட்டதால், பகலில் வந்தால் நான் கட்டிலில் அகப்படுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் கேட்டார்: "அண்ணே, நம்ம சாமானத் தின்னுதான் ஒடம்புக்கு வந்துச்சுன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தா என்னண்ணே சொல்றது?"

அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'விற்பது எங்கள் வேலை. வாங்குவது அவரவர் இஷ்டம்.' எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர். பெயர் வேண்டாம். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்த வசனத்திலும் இருக்காது. அதை நான் மூன்று மொழியிலும் சொல்லுவேன், தூக்கத்திலும் சொல்லுவேன். அது ஒருநாள் என் தொண்டையில் குறுக்காக நின்றுவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இதில் வீரன் யாரும் வருவதில்லை. ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு தேயிலைச் செடிக்குள் விழுந்த ஒருவன் வருவான். அவன் நான்தான்.

அப்போது நான் விற்றது டின் பால். சீனி போட்டுக் காய்ச்சி, தேன் மாதிரிக் கெட்டியாக இருக்குமே, அது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய வேன், ஓட்டுவது பதுளை லாபிர் நானா, மைக்கில் நான். பதுளையிலிருந்து கொஸ்லந்த வரை தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. 'மைக்கையா' என்றால்தான் தெரியும். "தாய்மார்களே! உங்கள் செல்வம் கொழுகொழுவென்று வளர..." என்று நான் ஓர் இழுப்பு இழுத்தால், மேட்டு மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். டின்னில் ஒரு குழந்தையின் படம் இருக்கும். இரண்டு கன்னமும் பழுத்து, கண்கள் நேரே உங்களையே பார்த்தபடி.

எழுபதுகளின் கடைசி. பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து, கடைகளுக்குச் சாமான் திரும்பி வந்திருந்தது. அதற்கு முந்திய பஞ்சத்தில் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் கைப்பிள்ளைகளைக் குழியில் வைத்திருந்தார்கள். அவர்களிடம் கொழுத்த குழந்தை ஒன்றின் படத்தை நீட்டுவதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நன்றாக விற்கிறது என்பது மட்டும் தெரியும்.

கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தலாம் என்பது என் யோசனைதான். பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. எடை கூடிய பிள்ளைக்கு முதல் பரிசு, ஒரு பெட்டி டின் பால். மேனேஜர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலின் சுகத்தில் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தைப் பிடித்து நாள் குறித்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் முந்தி, நோட்டீஸ் ஒட்டப் போனோம். காலை பத்து மணி. ஆனால் பனி இறங்கியிருந்தது. தொழிலாளர் லயத்துக்குப் போகிற பாதையின் வளைவு முடக்கில் லாபிர் நானா வேனை நிறுத்திவிட்டார்.

"இனி ஏலாது வாப்பா. முன்னுக்கு ஒண்டும் தெரியுதில்ல. நீங்க நடந்து போங்க, நான் வேனுக்குக் காவல்."

"யாருகிட்டயிருந்து காவல் நானா?"

"அது தெரிஞ்சா நானும் உங்களோட வருவேனே."

நோட்டீஸ் கட்டையும் பசை வாளியையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். லயத்தில் ஆள் இல்லை, எல்லாரும் மலையில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. சில கதவு திறந்தும் சில கதவு பாதி சாத்தியும் கிடந்தன. முதல் காம்பராவை எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில், அடுப்புப் புகை படிந்த இருட்டில், ஒரு குழந்தை என்னைப் பார்த்தது.

எங்கள் டின் படம்தான். உரித்து ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் கண்ணேறு படாமல் இருக்க ஒரு மைப்பொட்டு.

எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது காம்பராவிலும் அதே குழந்தை, அதே பொட்டு. மூன்றாவதிலும் அதே. பெருமை கொஞ்சம் குறைந்தது. ஐந்தாவதைத் தாண்டும்போது, நான் நகர நகர அந்தக் கண்களும் கூடவே நகர்வதாகப் பட்டது. அச்சடித்த படம் கண்ணைத் திருப்பாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் அடுத்த கதவை ஓரமாக நின்றே எட்டிப் பார்த்தேன். கடைசித் தொங்கல் காம்பராவில் அந்தப் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றியிருந்தது. விளக்கும் எங்கள் டின்தான், திரி போட்டது. பத்துச் சுவரிலும் ஒரே பிள்ளை. லயம் முழுவதிலும் வேறு பிள்ளையே இல்லை.

பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவில் இருப்பார்கள் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. லயத்துக்குக் கீழே, தகரக் கூரை. வழக்கமாக அரை மைலுக்கு முன்பே அழுகை கேட்கும். வாசல் வரை போனேன், ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே பார்த்தேன். பழஞ்சேலையில் கட்டிய தொட்டில்கள் இரண்டு வரிசை. ஆள் இல்லை. ஆனால் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்ந்து, ஒரே பக்கமாக, ஒரே அளவில். அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தன. ஒரு முனகல்கூட இல்லை. பக்கத்துத் தொட்டிலின் விளிம்பில் இரண்டு கண்கள் தெரிந்தன. தூங்கவில்லை. விழித்துக்கொண்டு, இமைக்காமல், சுவரில் இருந்த அதே கண்கள்.

தம்பிமாரே, அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவை என் மூளை எடுக்கவில்லை; கால் எடுத்தது. பசை வாளி ஒரு பக்கம், நோட்டீஸ் ஒரு பக்கம், ஒரு சப்பாத்து வடிகானில். தேயிலைச் செடிக்குள் தலைகீழாக விழுந்து, அங்கிருந்து எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும், லாபிர் நானாவின் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

பின்பக்க அடுப்படியிலிருந்து ஒரு வயதான பெண் வந்தாள். அங்கே பிள்ளை பார்க்கிற ஆயம்மா. காலின் பெருவிரலில் ஒரு கயிறு.

"யாரது செடியப் போட்டு ஒடைக்கிறது? அட, மைக்கையாவா! என்னங்க இது, ஒங்க மேல கட்டெறும்பு ஏறிருச்சா?"

"தொட்டில்... தானா ஆடுதே ஆயம்மா!"

அவள் கால் விரலைத் தூக்கிக் காட்டினாள். எல்லாத் தொட்டிலையும் ஒரே கயிற்றில் கோத்து, சுவர் ஓட்டை வழியாக அடுப்படிக்கு இழுத்திருந்தாள். கஞ்சி கிண்டிக்கொண்டே காலால் ஆட்டுவாளாம்.

"ரெண்டு கைதானுங்களே எனக்கு."

செடியிலிருந்து என்னைப் பிடுங்கி எடுத்தாள். மானத்தைக் காப்பாற்ற ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "ஒரு புள்ளையும் அழலியே, என்ன மாயம்?"

"எல்லாம் ஒங்க டின் பாலுதாங்க. முன்னெல்லாம் கத்திக் கத்தி என்னையக் கொன்னுருங்க. இப்ப அதக் கரைச்சுப் போத்தல்ல குடுத்துட்டா மூச்சு விடாதுங்க. சும்மா பாத்துக்கிட்டே கெடக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன்: 'எங்கள் பால் குடிக்கும் பிள்ளை அழாது.' அடுத்த விளம்பரத்துக்கு. அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால். மேடையில் கொழும்பிலிருந்து வந்த மேனேஜர், படம் பிடிக்கிறவர், நான். தராசுக்குப் பக்கத்தில் தோட்டத்து டிஸ்பென்சர். மருந்துக் காம்பராவில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுக்கிறவர், சனங்களுக்கு டாக்டரய்யா. அவர் காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எடையை மட்டும் எழுதினார்.

எடை கூடிய பிள்ளை பார்வதியின் பிள்ளை. பார்வதி தொங்கல் காம்பராக்காரி; படத்துக்குப் பூ வைத்தவள். முதல் பிள்ளையைப் பஞ்சத்தில் இழந்திருந்தாள். இது இரண்டாவது, ஒரு வயது தாண்டிய பெண், லெச்சுமி. படம் எடுக்க அவளை என் கையில் வாங்கினேன். கூட்டம் கைதட்டியது.

டின்னில் இருந்து இறங்கி வந்தது போலவே இருந்தாள். உப்பிய கன்னம், பளபளக்கிற தோல், அதே நேர்ப்பார்வை. தலைமயிர் மட்டும் செம்பட்டையாக, பஞ்சு மாதிரி. அவ்வளவு கனமான பிள்ளை அவ்வளவு குளிர்ந்து இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரிக்க வைப்போம் என்று கன்னத்தைக் கிள்ளினேன், பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி, பெருவிரலால் மெல்ல அழுத்தினேன்.

விரலை எடுத்தேன். பள்ளம் அப்படியே இருந்தது.

ரொட்டி மாவில் விரல் வைத்தால் விழுமே, அந்தப் பள்ளம். மேலெழும்பும் என்று காத்திருந்தேன். எழும்பவில்லை. புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான், நான் மற்றப் பாதத்தையும் அழுத்தினேன். இப்போது இரண்டு பள்ளம். பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரிலிருந்து பார்ப்பது போல.

டிஸ்பென்சர் என் காதருகே வந்திருந்தார். "அமுக்கிப் பாத்துட்டீங்களா? நல்லது. இது சதையில்ல, தண்ணி. ஊட்டமில்லாம ஒடம்பு ஊதிக் கெடக்கு. இன்னைக்கே பதுளைக்குக் கொண்டு போவலன்னா இந்தப் புள்ள தங்காது."

"நீங்க அவகிட்டச் சொல்லலியா?"

"மூணு தடவ சொன்னேன். என் புள்ளைமேல கண்ணு வெக்கிறீங்கன்னு மண்ண வாரித் தூத்துறா. நான் ஒத்த ஆளு வாயால சொல்றேன். நீங்க ரெண்டு கொழாய் கட்டிச் சொல்றீங்க. யாரு சொல்றது கேக்கும்?"

மேனேஜரிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு மாறாமல், படம் பிடிக்கிறவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "அவ எவ்வளவு தண்ணி கலந்தா, என்ன செஞ்சா, நமக்கு எப்படித் தெரியும்? டின்னில எழுதித்தானே இருக்கு? வாங்குறது அவங்க இஷ்டம். பரிசைக் கொடும்."

பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திருப்பினேன். எழுதித்தான் இருந்தது. படக் குழந்தைக்கு நேர் பின்பக்கத்தில், எறும்புக் கால் அளவு எழுத்தில், மூன்று மொழியில்: கைக்குழந்தைகளுக்கு இதை மட்டும் உணவாகக் கொடுக்க வேண்டாம். பதினொரு வருஷம் அந்த டின்னைக் கையில் தூக்கி ஆட்டியவன் நான். அன்றைக்குத்தான் வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும், பார்வதிக்குத் தெரியாது.

கூட்டம் காத்திருந்தது. பரிசைக் கொடுத்தால் இன்னும் ஒரு பெட்டி அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். உண்மையைச் சொன்னால் பார்வதி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு லயத்துக்குள் ஓடிவிடுவாள். பயந்தால் சிலருக்கு வாய் கட்டும். எனக்கு வாய் தானாக ஓடும். மைக்கைப் பிடித்தேன்.

"தாய்மார்களே! முதல் பரிசு பெற்ற லெச்சுமிக்கு ஒரு விசேஷப் பரிசு! இப்பவே, இந்த வேனிலேயே, பதுளை ஸ்டூடியோவுக்குப் போய்க் கலர் படம்! தாயும் பிள்ளையும் ஏறலாம்!"

ஒரே ஆரவாரம். பார்வதி முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு ஏறினாள். டிஸ்பென்சர் பின்னால் தாவி ஏறினார். லாபிர் நானா என் முகத்தைப் பார்த்தார், வேனைக் கிளப்பினார். மேடையில் மேனேஜர் கையில் மாலையோடு நின்றது கண்ணாடியில் சின்னதாகித் தெரிந்தது.

பாதி வழியில் மறுபடி பனி. அவசரத்தில் நான் எங்கேயோ கை வைத்திருக்கிறேன். கூரையில் என் குரல் பதிந்த விளம்பரக் கசட் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. "உங்கள் செல்வம் கொழுகொழுவென்று வளர..." என் குரல் பனிக்குள் போனது. எதிர் மலையில் பட்டுக் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. '...கொழுவென்று வளர...' அடுத்த முடக்கில் இன்னொரு மலை. யாரோ ஒருவன் எங்களைப் பின்தொடர்ந்து வந்து நான் சொன்னதையே எனக்குச் சொல்வது போல இருந்தது.

"நிப்பாட்டுங்க வாப்பா," என்றார் லாபிர் நானா. "மலையெல்லாம் சாட்சி சொல்ற மாதிரி ஈக்கிது."

சுவிட்சைத் திருகினேன், கையோடு கழன்று வந்தது. பதுளை வரை நான் என்னைக் கேட்டுக்கொண்டே போனேன். பார்வதி மட்டும் அந்தக் குரலுக்குத் தாளமாகப் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அந்த வாட்டின் தாதி, பிள்ளையைப் பார்த்ததும், "இன்னொண்ணா?" என்றார். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். உப்பிய முகங்கள், பளபளக்கிற தோல், நேர்ப்பார்வை. என் போட்டிக்கு வராத தோட்டங்களிலிருந்தும் போட்டியாளர்கள் வந்திருந்தார்கள். ஒரு சத்தமில்லை.

"தூங்குறாங்களா மிஸ்ஸி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. அழுறதுக்கும் பெலன் வேணுமே," என்றார் அவர்.

என் குறிப்புப் புத்தகம் சட்டைப்பையில் கனத்தது.

ஸ்டூடியோவைப் பற்றிப் பார்வதி என்னிடம் கேட்கவே இல்லை. டிஸ்பென்சர் ஏதோ சொல்லி அவளை அங்கே தங்க வைத்தார். ஐந்தாம் நாள் லாபிர் நானாவோடு வேனில் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி முற்றத்தில், பிள்ளையைச் சேலைக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு, அவள் வாசலை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சேலையை விலக்கிக் காட்டினாள்.

வீக்கம் வடிந்திருந்தது. உள்ளே இருந்தது தோலும் எலும்புமாக ஒரு சின்னக் கிழவி.

"பாத்தீங்களா மைக்கையா! கொழுகொழுன்னு கொண்டாந்த புள்ள. அஞ்சு நாள்ல உருக்கிட்டாங்க. எம்புள்ளயோட சதையெல்லாம் எங்கங்க போச்சு? நான் கொண்டு போறேன். ஒங்க பாலக் குடுத்துத் தேத்திக்கிறேன்."

"தங்கச்சி, அது சதையில்லம்மா. தண்ணி. உள்ளுக்குள்ள அவ இப்படித்தான் இருந்திருக்கா. இப்பதான் தெரியுது. அந்தப் பால்..."

"மைக்குல நீங்க அப்படிச் சொல்லலியே?"

"அது யாவாரத்துக்குச் சொன்னது."

"அப்ப இது எதுக்குச் சொல்றது?"

பதில் இல்லாத இடத்தில் மனப்பாடம் வரும். எனக்கும் வந்தது. "வாங்குறது... ஒங்க இஷ்டந்தானே தங்கச்சி..." என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இஷ்டமா?" என்றாள். "விடிய பெரட்டுல பேர் கூப்புட்டா, கொழுந்து நிறுக்கத்தான் கீழ எறங்குறோம். மேமலையில நிக்கிறப்ப மாரு கட்டி, சட்ட நனைஞ்சு வடியும். புள்ள கீழ புள்ளக் காம்பராவுல கெடக்கும். ஓடி வந்து குடுத்துட்டுப் போற தூரமா? ஒரு டின்ன ஒரு கெழமைக்கு இழுக்கணும். எவ்ளோ தண்ணின்னு நீங்க மைக்குல சொன்னீங்களா? இதுல எதுங்க என் இஷ்டம்?"

பிள்ளையைப் போர்த்திக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். வாசலுக்கு இருபது அடி. வாசலைத் தாண்டினால் நமுனுகுல பஸ். மிஸ்ஸி சொல்லியும் டிஸ்பென்சர் சொல்லியும் நிற்காதவள். என் வாய்ப்பேச்சை நம்பாதவள். அவள் நம்பியது ஒரே ஒரு குரலை.

வேனுக்கு ஓடினேன். "நானா, மைக்!"

"ஆஸ்பத்திரியிலயா? பொலிசு புடிக்கும் வாப்பா!"

"புடிக்கட்டும்!"

ஒலிபெருக்கி முதலில் கீச்சென்று அலறியது. எல்லா வாட்டின் சன்னலும் திறந்தது. அவசரத்தில் மைக் பல்லில் இடித்தது. ஆனால் இழுப்பு மட்டும் பழக்கதோஷத்தில் அதே இழுப்பாக வந்தது.

"தாய்மார்களே! மைக்கையா பேசுகிறேன்! நான் சொன்னது பொய்! கைப்பிள்ளைக்கு டின் பால் ஆகாது! பார்வதி தங்கச்சி, உன் பிள்ளையின் சதையை ஆஸ்பத்திரி எடுக்கவில்லை. அந்தச் சதையை நான்தான் பொய்யாகக் கொடுத்தேன்! பிள்ளையை உள்ளே கொண்டு போ!"

பார்வதி வாசலில் நின்றாள். நான் பேசியதற்காக நின்றாளா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த அலறலில் சேலைக்குள் ஏதோ திடுக்கிட்டு அசைந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் வாய் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திறந்த வாய் மட்டும். பிறகு வந்தது. பூனைக்குட்டி அளவு, கிழிந்த நூல் மாதிரி ஓர் அழுகை.

"அழுவுறா," என்றாள் பார்வதி. என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. "மாசக்கணக்காச்சு, இவ அழுது."

திரும்பி வாட்டுக்குள் போய்விட்டாள். நான் மைக்கை அணைக்க மறந்து நின்றேன். என் மூச்சு பதுளை முழுக்கக் கேட்டிருக்கும்.

லெச்சுமி பிழைத்தாள். பொலிஸ் வரவில்லை, கம்பனிக் கடிதம் வந்தது. அதன் பிறகு நான் குளிக்கிற சவர்க்காரம் விற்றேன். அதை யாரும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பதில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

ஆகவே, கேட்ட தம்பிக்குப் பதில். சண்டைக்கு வருகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள். அவருக்குச் சத்தம் போடப் பெலன் இருக்கிறது. உங்கள் சாமான் நன்றாகப் போகிற இடம் சத்தமில்லாமல் இருந்தால், பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். டின்னின் பின்பக்கத்தை வாங்குகிறவருக்கு முன்னால் நீங்கள் வாசியுங்கள். யார் தப்பு என்று பிரிக்கத் தொடங்கினால், தண்ணீர் கலந்த தாய்க்கும், போத்தல் கொடுத்த ஆயம்மாவுக்கும், தாயை மலையில் நிறுத்திய தோட்டத்துக்கும், எறும்புக் கால் எழுத்து அச்சடித்த கம்பனிக்கும் ஆளுக்கொரு பங்கு விழும். அதை உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் பிரிக்கட்டும்.

என் பங்கு ஒரு பெருவிரல் அளவு. அந்தப் பள்ளம் இன்னும் மேலெழும்பவில்லை.